சிதம்பரத்துக்குக் கொண்டுபோன பாதிப் பாட்டு

எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால் சிதம்பரம் என்பேன். சொந்த ஊர் எது என்று கேட்டால் கடலூர் என்பேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். "அதான் பக்கத்துலயே இருக்கே, அப்புறம் ஹாஸ்டல் எதுக்கு?" என்பார்கள். கேட்பவர்கள்மேல் தப்பில்லை. இதே கேள்வியை முதலில் கேட்டவர் என் அப்பாதான்.

என்னோடு பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கு வெளியூர் என்றால் சென்னை. கொஞ்சம் தைரியம் ஜாஸ்தி உள்ளவர்களுக்குக் கோயம்புத்தூர், பெங்களூர். சென்னையில் சேர்ந்த தோழி ஒருத்தி, "மியூசிக்னா அங்கதான்டி. வாரா வாரம் எங்கயாவது பேண்டு வாசிப்பாங்க, மால்லயே கச்சேரி நடக்கும்" என்று என்னையும் இழுத்தாள். எனக்கும் அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று நின்று நின்று போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய ஊரை நான் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், பாட்டுக்காக என்றேன். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவே சிரித்தது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அப்பா, அம்மா, அண்ணன், நான். நாலு பேரும் சர்ச் பாடகர் குழுவில் இருந்தோம். குவையர் என்றுதான் சொல்வோம். குவையரில் ஒரு பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். பாட்டின் மெட்டை, அதாவது ஊர் உலகமெல்லாம் எதைப் பாட்டு என்று நினைக்கிறதோ அதை, சொப்ரானோ பாடும் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆண்களில் மேல்குரல் டெனர், அடிக்குரல் பேஸ். மிச்சம் இருக்கும் பெண்களுக்கு ஆல்ட்டோ. அது மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, மெட்டை ஒட்டியே நடந்து வருகிற குரல். பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சர்ச்சில் ஸ்வரம் சொல்லும் முறையில், சோ சோ சோ லா சோ, மறுபடி சோ. கேட்பவர்களுக்கு அது தனியாகக் காதில் விழாது. இல்லாமல் போனால் மட்டும், என்னவோ குறைகிறதே என்று தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அம்மா சொப்ரானோ. சும்மா ஒரு சொப்ரானோ இல்லை, எங்கள் சர்ச்சின் சொப்ரானோ என்றாலே அம்மாதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அம்மா, பாட்டிலும் கணக்கு டீச்சராகவே இருந்தாள். யார் எந்த இடத்தில் கால் ஸ்வரம் இறங்கினாலும் புருவம் ஏறும். அப்பா பேஸ். தாலுகா ஆபீசில் வாயைத் திறக்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரையதிரப் பாடுவார். அண்ணன் டெனர். வீட்டுக்கு ஒரு ஆல்ட்டோ தேவைப்பட்டது, நான் பிறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் ஒருத்தருக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை வந்து சேர்வதுபோல எனக்கு அது வந்து சேர்ந்தது. பாவாடை கட்டிய நாளிலிருந்து அம்மாவின் இடது பக்கத்தில் நின்று, அம்மா மேலே போகும்போது நான் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, அடுத்து வந்த ஆனி மாதத்தில், அப்பாவின் ஆபீஸ் நண்பர் மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். அப்பாவோடு நானும் போனேன். காலைப் பலகாரம் முடித்து, கத்திரிக்காய் கொத்சு வாசனை கையில் இருக்க, மண்டபத்திலிருந்து கீழ வீதிக்கு வந்தால், சாமி புறப்பாடு. முன்னால் தவில், நாதஸ்வரம். இரண்டு நாதஸ்வரங்களும் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு வந்தன. எனக்கு அது பெரிய ஆச்சரியம். இரண்டாவது ஆள் ஏன் கீழே இறங்கவில்லை என்று காது தேடிக்கொண்டே இருந்தது. காலியாக இருக்கிறதே என்று நானே அந்த இடத்தில் நுழைந்து, வாய்க்குள் ஒரு ஆல்ட்டோ போட்டுப் பார்த்தேன். துளியும் ஒட்டவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, சாமி கும்புடுறியா, முனகுறியா?" என்றார்.

அந்த மேளம் தெரு முனை திரும்புவதற்குள் டீக்கடை ஸ்பீக்கரில் கானா ஆரம்பித்துவிட்டது. செல்போன் கடையில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஆட்டோ ஒன்றில் சலங்கை கட்டிய நாலைந்து பெண்கள், அவர்களில் ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தவள் தாளத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். கிடார் மாட்டிய பையன்கள் இரண்டு பேர் மேளத்தின் பின்னாலேயே காலால் தாளம் தட்டிக்கொண்டு நடந்தார்கள். யாரும் யாரையும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பாட்டு என்றால் சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவது, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பாடுவது. இங்கே பாட்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த ஊரில் என்ன பாடினாலும் என்னை யாரும் அம்மாவோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அதன் மெட்டை, நானே தனியாகப் பாட வேண்டும். கேட்பவர்களுக்கு அது என்ன பாட்டு என்று தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும்வரை அது நடக்காது என்று உறுதியாக நம்பினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் சிதம்பரத்தில் சேர்கிறேன், ஹாஸ்டலில் இருந்து படிக்கிறேன் என்றேன்.

"பக்கத்துலயே இருக்கே, ஹாஸ்டல் எதுக்கு?" என்று முட்லூர் வரும்வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம், "பாட்டுக்காகத்தான் போறேன்னு சொல்ற. சரி. ஒரு செமஸ்டர் ஹாஸ்டல்ல இரு. காலேஜ் மியூசிக் டீம்ல எடுத்துட்டாங்கன்னா படிப்பு முடியிற வரைக்கும் அங்கயே இரு. எடுக்கலன்னா பஸ் பாஸ்தான். காலைல போ, சாயங்காலம் வந்துடு. சனிக்கிழமை குவையருக்கும் ஆளாச்சு" என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "அப்ப ஆல்ட்டோவுக்கு நான் யாரைத் தேடுறது?" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பொண்ணு போகிறாளே என்று இல்லை, ஆல்ட்டோ போகிறாளே என்று கவலை. அன்று ராத்திரி பீன்ஸ் பொரியலை நான் தொடவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், சீனியர் அக்காக்கள் ஒரு சாயங்காலம் எங்களையெல்லாம் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து ஊர் சொல்லி, ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும். ஒருத்தி மிமிக்ரி செய்தாள். கிள்ளையிலிருந்து வந்தவள் படகோட்டிகள் கூப்பிடும் குரலை அப்படியே எடுத்துவிட்டாள். என் முறை வந்ததும் நான் தலை நிமிர்ந்து, "கடலூர். பாடுவேன்" என்றேன். இதற்காகத்தானே வந்தேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜவுளிக்கடை ஸ்பீக்கரில்கூட ஓடுகிற ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். சர்ச் வாசலை மிதிக்காதவர்களுக்கும் அந்த மெட்டு தெரியும். எனக்கும் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, வாய் போகிற வழி வேறு. ஐம்பது அறுபது முகங்கள் என்னையே பார்த்தன. வாயைத் திறந்தேன், ஆல்ட்டோ வந்தது. சோ சோ சோ லா சோ. நிறுத்தத் தெரியவில்லை. முழுப் பாட்டையும் அப்படியே, சுருதி பிசகாமல், உணர்ச்சியோடு வேறு, பாடி முடித்தேன்.

ஹாலில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீனியர் ரொம்ப மரியாதையாக, "இது என்னா பாட்டும்மா?" என்றார். பாட்டின் பெயரைச் சொன்னேன். "அதுவா இது?" என்றார். நான் அவசரமாக, "பக்கத்துல ஒருத்தர் சேந்து பாடுனா தெரியும்க்கா. நான் பாடுனது பாதி" என்றேன். அவ்வளவுதான், ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அன்றிலிருந்து ஹாஸ்டலில் எனக்குப் பாதிப் பாட்டு என்று பேர். "பாதிப் பாட்டு, உனக்கு போன் வந்திருக்கு." "பாதிப் பாட்டு, பக்கெட்ட எடு." சமையல்கார அக்காகூட, "பாதிப் பாட்டுக்கு முழு தோசை போடவா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். ரூமுக்குப் போய் அழுதேன்.

அழும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் என் ரூம்மேட். மங்கலம்பேட்டைப் பக்கம் கரும்பு வைக்கிற குடும்பம். கெமிஸ்ட்ரி படிக்க வந்திருந்தாள். எப்போதும் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள். முறையாக ஒரு நாளும் கற்றுக்கொண்டதில்லை. கரும்புக் கொல்லையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற மாதிரிப் பாடிப் பழகிய குரல், ஒரு பாட்டை எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறாளோ அந்த உயரத்திலேயே கடைசிவரை நிற்பாள். அவள் என்னைத் தேற்றவில்லை. "அழுது முடிச்சுட்டியா? வா, துணி கெடக்குது, தொவைக்கலாம்" என்றாள்.

மொட்டைமாடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தாள். துணியை அலசிக்கொண்டிருந்த என் வாய், அதன் பாட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டாவது வரியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"ஏய், தப்பா பாடுறியா, இல்ல வேணும்னே பாடுறியா?"

"வேணும்னேதான்."

"என்னைய இழுக்குதுடி அது. நான் என் வழில போறேன், நீ வந்து கையப் புடிச்சுக் குழில தள்ளுற."

"ஒரு காத மூடிக்க. என்னைக் கேக்காத. நீ பாட்டுக்குப் போ."

சோப்பு நுரையோடு இருந்த விரலை ஒரு காதில் விட்டுக்கொண்டு அவள் மறுபடி ஆரம்பித்தாள். அந்த வரி முடியும்போது இரண்டு குரலும் சேர்ந்து ஒரு மாதிரி மின்னியது. அவள் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் பாட்டை விடவில்லை. முடித்ததும், "மச்சி, என் கொரலு இவ்ளோ நல்லாவா இருக்குது!" என்றாள். கொடியில் துணி போட வந்தவர்கள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அதற்கப்புறம் பாதிப் பாட்டு என்று கூப்பிடும் தொனி கொஞ்சம் மாறியது.

சாயங்காலங்களில் நாங்கள் இரண்டு பேரும் கோயிலைச் சுற்றிய நாலு வீதியையும் சுற்றுவோம். இன்றைக்கும் சிதம்பரம் என்றால் எனக்கு முதலில் வருவது அந்த நடைதான். காலேஜ் இசை வகுப்புக் கட்டடத்தின் ஜன்னலுக்குக் கீழே ஒரு மரம் உண்டு. உள்ளே யாரோ ஒரே ஒரு அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்கள். வகுப்புக்குப் போகும்போதும் அதே அடி, திரும்பும்போதும் அதே அடி. ரூம்மேட் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கீழேயிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். மேலே ஜன்னல் டப்பென்று சாத்தப்பட்டது. தெற்கு வீதியில் ஒரு டீக்கடைக்காரர், எங்களுக்காக என்றே கானாவை நிறுத்திவிட்டுப் பழைய பாட்டுப் போடுவார். எங்களுக்குக் கானாதான் பிடிக்கும், அவர் மனசு நோகக்கூடாது என்று சொல்லவில்லை. சாமி புறப்பாடு வந்தால் மேளத்தின் பின்னால் கொஞ்ச தூரம் போவோம். நாதஸ்வரத்துக்கு இரண்டாவது குரல் தேடுவதை அதற்குள் என் காது விட்டுவிட்டிருந்தது. இரண்டு பேர் ஒரே மெட்டை வாசித்தாலும் அது ஒன்றாகிவிடுவதில்லை என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது. இதெல்லாம் எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்கப் பிடிக்கப் பயமும் வந்தது, ஏனென்றால் செமஸ்டர் முடிந்துகொண்டிருந்தது.

மியூசிக் டீமுக்கு ஆள் எடுப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தனித்தனியாகப் பாட வேண்டும், ஒரு முழுப் பாட்டு. ரூம்மேட்டுக்குப் பிரச்சினை இல்லை. எனக்கோ, யாரும் இல்லாத மாடியில் மெட்டு ஒழுங்காக வரும். நாலு பேர் வந்து நின்றால் போதும், வாய் படியிறங்கிவிடும். ரூம்மேட் எதிரில் உட்கார்ந்து, நான் இறங்கும்போதெல்லாம் துடைப்பக்கட்டையைத் தரையில் தட்டிப் பார்த்தாள். அதற்கும் வாய் பயப்படவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் பஸ் பாஸோடு வீட்டுக்குப் போய், அம்மாவின் இடது பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. யோசித்து யோசித்து, கடைசியில் நான் கேட்கவே கூடாது என்று நினைத்திருந்த ஆளையே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து போன் போட்டேன். "அம்மா, எனக்கு சொப்ரானோ சொல்லிக் குடு."

அந்தப் பக்கம் அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "எந்தப் பாட்டு?" என்றாள். ஹாஸ்டலில் பாதியாகப் பாடிய அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைச் சொன்னேன். "அது உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும். பாட வரல."

அம்மா முதல் வரியைப் பாடினாள். போனிலும் அந்தக் குரல் அப்படியே கம்பியாக வந்தது. சேர்ந்து பாடு என்றாள். சேர்ந்தேன், ஆல்ட்டோ வந்தது. மறுபடி பாடினாள், மறுபடி அதே. மூன்றாவது தடவை அம்மாவே சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அம்மா கணக்கு டீச்சர் குரலில், "நான் மேல இருந்தா நீ மேல வரமாட்ட. இப்ப மாத்திப் போடுவோம். நீ மெட்டப் பாடு, நான் ஆல்ட்டோ பாடுறேன்" என்றாள்.

"ஒனக்கு ஆல்ட்டோ தெரியுமாம்மா?"

"இத்தன வருஷமா பக்கத்துல கேக்குறேன், தெரியாதா பின்ன?"

நான் ஆரம்பித்தேன். செல்போனில் குரல் போய்த் திரும்பக் கொஞ்சம் நேரம் ஆகும் அல்லவா, அதனால் அம்மா ஒரு அடி பின்னாலேயே வந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். முதல் வரி சரியாக இருந்தது. இரண்டாவது வரியில் அம்மாவின் குரல் தள்ளாடி, தவறி, மேலே ஏறி, என் மெட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"அம்மா, நீ மேல வந்துட்ட."

"நான் எங்கடி வந்தேன், அது இழுக்குது."

"இழுக்கத்தான்மா செய்யும். ஒரு காத மூடிக்க."

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அதே இடத்தில் அம்மா தடுமாறினாள். ஊரில் யார் கால் ஸ்வரம் இறங்கினாலும் புருவத்தைத் தூக்குகிற அம்மா, ஒரு வரி ஆல்ட்டோவைப் பிடிக்க முடியாமல் திணறினாள். மேசை மேலிருந்த என் பழைய ஆல்ட்டோத் தாளை எடுத்து வரச்சொல்லி அண்ணனிடம் சத்தம் போட்டாள். அதைப் பார்த்துப் பாடியும் நிற்கவில்லை. அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாக, "இதையாடி இத்தன வருஷமா என் பக்கத்துல நின்னு பாடிக்கிட்டு இருந்த?" என்றாள்.

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆல்ட்டோவுக்கு யாரைத் தேடுவது என்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாளே, அந்தக் கோபம் அத்தனை மாதமும் என்னிடம் இருந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மாவே, "சரி சரி, மூக்க உறிஞ்சாம பாடு" என்றாள்.

அதற்கப்புறம் சாயங்காலம் தவறாமல் பாடினோம். அம்மா கீழே தடுமாறிக்கொண்டிருந்ததால் எனக்கு மேலே இருந்தே ஆக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றால் பாட்டு விழுந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்திலேயே மெட்டு என் வாயில் உட்கார்ந்துவிட்டது.

தேர்வு நாளில் ஒரு சாரும் இரண்டு சீனியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெட்டையே பாடினேன். ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. அது என்ன பாட்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை நான் சிதம்பரம் வந்த வேலை அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டது.

சார் தலையாட்டிவிட்டு, "சுருதி சுத்தமா இருக்கும்மா. ஆனா கொரல் சின்னது. தனியாப் பாட எங்ககிட்ட ஆள் இருக்காங்க" என்றார். பஸ் பாஸ் மறுபடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நன்றி சொல்லித் திரும்பினேன். வாசலில் தன் பாட்டை ஏற்கெனவே முடித்துவிட்டு எனக்காக நின்ற ரூம்மேட், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டாள். "சார், அவ தனியாப் பாடுறது பாதிதான் சார். இப்ப நான் பாடுறேன், மிச்சத்த அவகிட்ட கேளுங்க" என்று சொல்லி, அனுமதிக்குக் காத்திருக்காமல் காதில் விரலை விட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள். நான் கீழே போய்ச் சேர்ந்துகொண்டேன். பாதிப் பாட்டிலேயே சார் கையைக் காட்டி நிறுத்தினார். சீனியர்களில் ஒருவர், "இத எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றார். வீட்டில் என்றேன். டீமில் அப்படி இரண்டாவது குரல் போடத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லையாம். அங்கேயே இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள்.

எதைவிட்டு ஓடிவந்தேனோ அதைக் கொடுத்துத்தான் அந்த ஊரில் இடம் வாங்கினேன். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அப்பாவுக்கு போன் செய்து எடுத்துவிட்டார்கள் என்றேன். "என்ன குரலுக்கு?" என்றார். ஆல்ட்டோ என்றேன். அப்பா பேஸ் குரலில் வெகுநேரம் சிரித்தார். "அதுக்கு நீ இங்கயே இருந்திருக்கலாமே பாப்பா" என்றார். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பஸ் பாஸ் பேச்சை அதற்குப்பின் எடுக்கவில்லை.

மூன்று வருஷமும் சிதம்பரத்தில் இருந்தேன். ரூம்மேட்டும் நானும் பாடாத மேடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அவள் இப்போது விருத்தாசலத்தில் பள்ளிக்கூட டீச்சர். திடீரென்று ஒரு நாள் வாட்ஸப்பில் ஒரு பாட்டைப் பாடி அனுப்புவாள், பின்னால் அவள் பிள்ளைகள் கத்துவது கேட்கும். நான் மிச்சத்தைப் பாடித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சண்டை. பஸ்ஸில் சிதம்பரத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், என்ன பாட்டு காதில் விழும் என்று பார்க்க.

ஆனால் அந்த முதல் செமஸ்டரை நினைத்தால் எனக்குக் கண்ணில் நிற்பது சிதம்பரம் இல்லை, கடலூர்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்த வாரம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கேரல் ஆராதனை. சாயங்காலம், சர்ச் நிறைய ஜனம். நான் வழக்கம்போல ஆல்ட்டோ வரிசைக்குப் போனேன். என் இடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பழைய தாளைக் கையில் பிடித்திருந்தாள். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சொப்ரானோ வரிசையில் காலியாக இருந்த தன் இடத்தைத் தாடையால் காட்டி, "போ, அங்க நில்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

போய் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது, அதே பாட்டு. முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாவது வரியில், எந்த இடம் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்த அந்த இடத்தில், அம்மாவின் குரல் தடுமாறியது. ஊரே அறிந்த குரல், எனக்கு இடது பக்கத்தில், வழி தெரியாமல் நின்றது. கீழே இறங்கிப் போய் அவளைப் பிடித்துக்கொள்ள என் வாய் துடித்தது. நான் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெட்டிலேயே நின்றேன். அடுத்த வரியில் அம்மா கீழே வந்து சேர்ந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.